ஆல்பெர்ட்டா அம்மையார் சரித்திரம்

விருதுநகரிற் சிவகாமியம்மையார் திருவயிற்றிற் காமராசர் பிறந்தது 1903-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 15-ஆம் நாள் என்பதை நம் ஊர்ச் சிறுவரும் அறிவர். அதே ஆண்டு செப்டம்பர் மாதம் 13-ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பாகத்து ஜார்ஜியா மாகாணத்தில், அட்லாண்டா நகரத்துக் கறுப்பினப் போதகர் ஒருவர் இல்லத்தில் ஒரு பெண் மகவு தோன்றிற்று. அதற்கு ஆல்பெர்ட்டா கிறிஸ்டீன் வில்லியம்ஸ் என்று பெயரிட்டனர். இவ்வம்மையாரே பிற்காலத்தில் மார்ட்டின் லூதர் கிங் என்னும் பெரியாரை ஈன்ற தாயார். மைந்தர் பெயரை உலகம் அறியும். அன்னையார் பெயரைக் கேட்பின் மாணவர் மட்டுமன்றி ஆசிரியர் பலரும் வாய்வாளாது நிற்பர். நாற்பதாண்டுக் காலம் ஒரு திருச்சபையின் இசையைத் தாங்கி நின்று, ஈற்றில் அவ்விசைக் கருவியின் முன் அமர்ந்தபடியே குண்டுக்கு இரையான ஒருவர் வரலாறு, ‘இன்னார் தாய்’ என்னும் இரண்டு சொல்லில் அடங்கிவிடுதல் முறையன்று எனக் கருதி, அதனை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அம்மையாரின் தந்தையார் ஆடம் டேனியல் வில்லியம்ஸ் என்பவர். அந்நாட்டில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது 1865-இல். அதற்குமுன் அடிமைப்பட்டிருந்த குடியொன்றிற் பிறந்தவர் அவர். அவருடைய தகப்பனாரும், தாம் அடிமையாய் இருந்துகொண்டே தம்மொத்த அடிமைகட்கு வேதம் போதித்தவர். 1894-இல் வில்லியம்ஸ் அட்லாண்டாவின் எபெனேசர் பாப்டிஸ்ட் திருச்சபைக்குப் போதகராய் வந்தபோது அதன் அங்கத்தினர் பதின்மூவரே. 1913-க்குள் அவர்கள் ஏறக்குறைய 750 பேராயினர். தாயார் ஜென்னி செலஸ்ட் அம்மையார், கறுப்பினப் பெண்டிர்க்கென அந்நகரில் ஏற்பட்ட ஸ்பெல்மன் கலாசாலையிற் பயின்றவர்.

ஒரு சிறு திருச்சபைக்கு இத்துணைச் சிறப்பு எதனால் வந்ததென்று வாசகர் வினவலாம். வெள்ளையர் கோவிலிற் கறுப்பினத்தார்க்குச் சமமான இருக்கை இல்லை. ஆதலின் அவர்கள் தமக்கெனத் தனிக்கோவில்களை எழுப்பிக்கொண்டனர். அக்கோவிலே அவர்கட்குச் சபா மண்டபம். பணம் திரட்டும் இடமும், பிள்ளைகட்கு எழுத்தறிவித்த இடமும், வழக்காடுதற்கு ஆள் கூட்டிய இடமும் அதுவே. கமுதிக் கோவில் வழக்கு பிரிவி கவுன்சில் வரை சென்று 1908-இல் நம் முன்னோர்க்கு எதிராய் முடிந்த செய்தியை அறிந்தார்க்கு, வாயிலில் தடுக்கப்பட்ட ஒரு கூட்டம் தனக்கென ஒரு வாயிலை அமைத்துக்கொள்ளும் மனநிலையை நெடிது விளக்க வேண்டுவதில்லை.

ஆல்பெர்ட்டா மூன்று வயதுக் குழந்தையாய் இருந்தபோது, 1906 செப்டம்பரில், அட்லாண்டாவில் வெள்ளையர் கும்பல் எழுந்து கறுப்பினத்தாரைத் தெருத்தெருவாய்த் தாக்கிற்று, பலர் மாண்டனர். 1899-இற் சிவகாசி கண்ட கலகத்தைப் பாட்டிமார் வாய்க் கேட்டு வளர்ந்த நம்மவர்போல, அவரும் அக்கலகத்தின் நினைவு நீங்காத ஒரு வீட்டில் வளர்ந்தார். வில்லியம்ஸ் போதகர், கறுப்பினத்தார் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தின் அட்லாண்டாக் கிளைக்குத் தலைவராயினார். அந்நகரிற் கறுப்பினப் பிள்ளைகட்கு அரசினர் உயர்நிலைப்பள்ளி ஒன்றேனும் இல்லை. பள்ளிகட்கெனக் கடன் பத்திரம் திரட்ட நகராட்சி மக்கள் வாக்கைக் கேட்டபோது, அச்சங்கத்தார் தம் வாக்காளரை ஒருமுகப்படுத்தி அதனை எதிர்த்துத் தோற்கடித்தனர். தம் பிள்ளைகட்கும் பங்குண்டு என்னும் உறுதி கிடைத்த பின்னரே இசைந்தனர். அங்ஙனம் எழுந்ததே 1924-இல் திறக்கப்பட்ட புக்கர் வாஷிங்டன் உயர்நிலைப்பள்ளி.

விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலையை இவ்விடத்தில் நினையாதிருத்தல் இயலாது. அது வளர்ந்தது பெருவணிகர் மகமையால் மட்டுமன்று. வீடுதோறும் பெண்டிர் உலையில் இடுமுன் ஒருபிடி அரிசியை எடுத்துத் தனியே கலயத்தில் இட்டு வைத்த பிடியரிசியாலும் வளர்ந்தது. காமராசர் எழுத்தறிந்தது அப்பள்ளியிலேதான். மகமை கொடுத்தார் பெயர் கணக்கில் உண்டு, கல்லிலும் உண்டு. கலயத்தில் அரிசியிட்ட கை யாருடையது என்று எழுதி வைத்தார் எவரையும் நாம் கண்டதில்லை. ஆல்பெர்ட்டா அம்மையார் சரித்திரமும் இவ்வகையினதே. போதக பீடத்தில் நின்றார் பெயர் அனைத்தும் ஏடேறின. அப்பீடத்திற்குப் பக்கத்தே ஆர்கன் முன் அமர்ந்தவர் பெயர் அடிக்குறிப்பில் நின்றுவிட்டது.

நிற்க. ஆல்பெர்ட்டா ஸ்பெல்மனில் உயர்நிலைக் கல்வி முடித்து, வர்ஜீனியா மாகாணத்து ஹாம்ப்டன் கலாசாலைக்குச் சென்று, 1924-இல் ஆசிரியைப் பயிற்சிச் சான்றிதழ் பெற்றார். சிறிது காலம் ஆசிரியையாய்ப் பணியாற்றவும் செய்தார். ஆயின், மணமான பெண் ஆசிரியையாய் இருத்தலை அந்நகரக் கல்விக் குழுவின் விதி தடுத்தது. 1926 நவம்பர் 25-ஆம் நாள் அவர்க்குத் திருமணம் நடந்தது. அத்துடன் ஆசிரியைத் தொழிலும் போயிற்று. நாமும் அத்தொழிலினேம் ஆதலின், ஒருவர் கற்ற கல்வியை மணமாலை பறித்துக்கொண்டது என்னும் இச்செய்தி நமக்கு உறுத்துகின்றது. அம்மையாரோ கல்வியைக் கைவிட்டாரல்லர். மூன்று மக்களைப் பெற்று வளர்த்த பின்னர், 1938-இல், மாரிஸ் பிரவுன் கலாசாலையில் பி. ஏ. பட்டம் பெற்றார்.

மணமகனார் மைக்கேல் கிங். ஸ்டாக்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில், பிறர் நிலத்தை வாரத்திற்கு உழுத ஏழைக் குடியானவர் மகன். இருபது வயதளவில் நகரத்திற்கு வந்தபோது அவர்தம் கல்வி ஐந்தாம் வகுப்பிற்கு மேற்பட்டதன்று. வளர்ந்த ஆடவர் சிறு பிள்ளைகளோடு ஒரு பலகையில் அமர்ந்து பாடம் கேட்டார். போதகர் வீட்டுக் கற்ற மகளை அவர் விரும்பியதும், அம்மகளின் ஊக்கத்தால் மேன்மேலும் படித்து மோர்ஹவுஸ் கலாசாலையில் 1930-இற் பட்டம் பெற்றதும் ஒரு தனிக்கதை. இவரே 1931-இல் மாமனார் இறந்தபின் எபெனேசர் சபைக்குப் போதகரானார். பின்னர்த் தம் பெயரையும் மூத்த மகன் பெயரையும் மார்ட்டின் லூதர் என்று மாற்றிக்கொண்டார். தந்தையிடமிருந்து மருமகனுக்கும், அவரிடமிருந்து மகனுக்கும் பீடம் சென்றது என்று நூல்கள் எழுதும். சென்ற வழி யாது? மூவர்க்கும் நடுவே நின்றவர் ஆல்பெர்ட்டா ஒருவரே.

ஆபர்ன் தெருவில் 501-ஆம் எண்ணுள்ள வில்லியம்ஸ் இல்லத்திலேயே கிங் தம்பதிகளும் வாழ்ந்தனர். 1927-இற் கிறிஸ்டீன் என்னும் மகளும், 1929 ஜனவரி 15-இல் மார்ட்டினும், 1930-இல் ஆல்பிரட் டேனியலும் பிறந்தனர். வீட்டில் ஒரு பியானோ இருந்தது. தாயார் மூவர்க்கும் இசை கற்பிக்க முயன்றார், மகள் கற்றாள். புதல்வர் இருவரும் பாடத்திற்கு அஞ்சி, பியானோ ஆசிரியர் அமரும் முக்காலியின் கால்களைத் தளர்த்திவிட, அவர் விழுந்தார் என்று அக்குடும்பத்தார் சொல்வதுண்டு. நோபல் பரிசு பெறப் போகும் கை அன்று செய்த முதற் கிளர்ச்சி இது போலும்! ஆயினும் மார்ட்டினுக்குக் குரல் வாய்த்திருந்தது. தாயார் வாசிக்க, ஐந்தாறு வயதுப் பிள்ளை சபைகளில் நின்று பாடும். கேட்டோர் கண்ணீர் உகுப்பர். அப்பிள்ளை ஆயிரக்கணக்கானோர் முன் நின்று பேசும் அச்சமின்மையைக் கற்ற முதற்பள்ளி அன்னையின் வாத்தியத்திற்கு அருகில் என்பது நம் துணிபு.

1932-இல் அம்மையார் எபெனேசர் சபையின் பாடற்குழுவை அமைத்தார். அவ்வாண்டு தொட்டு 1972 வரை ஆர்கன் வாசித்தார். ஆர்கன் என்பது நம் ஊர் ஆர்மோனியம் போன்று ஒரு கையால் துருத்தி அசைத்து மறுகையால் வாசிப்பதன்று. இரு கையும் கட்டைகளிலும் இரு காலும் மிதிகளிலும் ஒருங்கே இயங்க வேண்டும். பாடற்குழுவை நடத்துவோர் கண்ணும் செவியும் இதற்குமேல் வேறு வேலை செய்ய வேண்டும். கறுப்பினத் திருச்சபைகளிற் பிரசங்கம் வெறும் பேச்சன்று. போதகர் சொல்லச் சொல்லச் சபையார் எதிர்க்குரல் கொடுப்பர். பேச்சு ஏறி ஏறி இசையாய் மாறும். அவ்வேற்றத்தை அறிந்து வாத்தியம் கூட வேண்டும், அடங்க வேண்டும். கதாகாலட்சேபத்தில் பின்பாட்டுக்காரர் சோர்ந்தால் பாகவதர் நிலை என்னாகும் என்பதை நம்மவர் அறிவர். நாற்பதாண்டு ஞாயிறுதோறும் அப்பொறுப்பை ஏற்றவர் இவ்வம்மையார். தம் தாயார் நடத்திய மகளிர் சங்கப் பணியையும் ஏற்றார். 1950 முதல் 1962 வரை தேசிய பாப்டிஸ்ட் மாநாட்டு மகளிர் துணைச் சங்கத்திற்கும் அவரே ஆர்கன் வாசித்தார்.

1939-ஆம் ஆண்டுச் செய்தி ஒன்றை மறையாது கூற வேண்டும். அவ்வாண்டு டிசம்பரில், அடிமை முறைக் காலத்துத் தென்னாட்டு வெள்ளையர் வாழ்வைப் புகழ்ந்து காட்டிய ‘கான் வித் த விண்ட்’ என்னும் திரைப்படம் அட்லாண்டாவில் முதன்முதல் திரையிடப்பட்டது. அப்படத்தில் நடித்த கறுப்பின நடிகையார் ஹாட்டி மக்டேனியல் திரையரங்கில் வெள்ளையரோடு அமர இயலாமையால் விழாவிற்கு வந்திலர். வெள்ளையர்க்கு மட்டும் உரிய நடன விருந்தில், எபெனேசர் பாடற்குழு பழைய அடிமைகள் உடை தரித்துப் பக்திப் பாடல்களைப் பாடிற்று. அக்குழுவிற் பத்து வயது மார்ட்டினும் இருந்தார். உடன் ஊழியம் செய்த போதகர்கள் கிங் போதகரைக் கடுமையாய்க் கண்டித்தனர்.

மதுரை மீனாட்சியம்மன் திருக்கோவிலுள் வைத்தியநாத ஐயர் அரிசனங்களை அழைத்துச் சென்ற ஆலயப் பிரவேசம் இதே 1939-இன் ஜூலை 8-ஆம் நாள் நிகழ்ந்தது. விருதுநகர் சண்முக நாடாரும் அக்குழுவில் ஒருவராய் உட்சென்றார். ஒரே ஆண்டில் ஓரிடத்தில் வாயில் திறந்தது. மற்றோரிடத்தில் விருந்தினர் வாயிலுக்குள் ஏவலர் கோலத்தோடுதான் செல்ல முடிந்தது. அம்மையாரைக் குறை கூறுவார் கூறுக. தம் முன்னோர் கண்ணீரோடு பாடிய பாடல்களை, கேளாதார் செவியிலும் பிழையின்றிப் பாடச் செய்த அவர் நெஞ்சில் அன்று யாது ஓடியதோ? நிகழ்ந்ததை அழித்துவிட்டுப் புகழை மட்டும் எழுதுதல் சரித்திரமாகாது என்பதால் இதனைச் சொன்னோம். தீர்ப்புக் கூற நாம் ஒருப்படோம்.

மார்ட்டினுக்கு ஆறு வயதளவில், எதிர்வீட்டுக் கடைக்கார வெள்ளையர் மகனோடு இருந்த விளையாட்டுத் தோழமை அறுபட்டது. இனி உன்னோடு சேரலாகாது என்று தந்தை சொல்லிவிட்டதாக அத்தோழன் கூறினான். பிள்ளை அழுதுகொண்டு வந்தான். தாயார் அவனை அருகிருத்தி அடிமை முறை எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு முடிந்தது, பள்ளியிலும் உணவுக் கடையிலும் தடுப்புப் பலகைகள் ஏன் தொங்குகின்றன என்பவற்றைச் சொன்னார். இவை மனிதர் வகுத்தவை, இயற்கை வகுத்தவை அல்ல என்றும், நீ எவர்க்கும் தாழ்ந்தவனல்லை என்றும் உரைத்தார். பின்னாளில் மார்ட்டின் தம் வாழ்க்கையை எழுதியபோது இதனை நன்றியோடு குறித்திருக்கின்றார். தந்தையார் வெளியுலகிற் போராடினார். வாக்குரிமைக்கு ஊர்வலம் நடத்தினார். கறுப்பின ஆசிரியர்க்கு வெள்ளை ஆசிரியர்க்கொத்த சம்பளம் வேண்டுமென வாதாடினார். அப்போராட்டத்திற்குரிய காரணத்தைப் பிள்ளையின் மொழியில் விளங்கவைத்தவர் தாயார்.

மகன் அலபாமா மாகாணத்து மாண்ட்கமரியிற் பேருந்துப் புறக்கணிப்பை 1955 டிசம்பரில் தலைமை தாங்கினார். அடுத்த மாதம் 30-ஆம் நாள் அவர் வீட்டில் வெடிகுண்டு எறியப்பட்டது. அச்செய்தி கேட்ட அம்மையார் மருத்துவர் ஆணைப்படி படுக்கையிற் கிடந்தார். 1958-இல் மகன் மார்பிற் கத்தி பாய்ந்தது. சிறை, மிரட்டல், மீண்டும் சிறை என ஆண்டுகள் சென்றன. ஞாயிறு வந்தால் அம்மையார் ஆர்கன் முன் இருந்தார். 1960-இல் மார்ட்டின் அட்லாண்டாவிற்குத் திரும்பித் தந்தையாரோடு எபெனேசரில் உடன்போதகரானார்; அதன்பின் எட்டாண்டுகள் கணவரும் மகனும் மாறி மாறிப் பிரசங்கிக்க, இருவர்க்கும் வாசித்தவர் அவரே.

அவ்வியக்கத்தின் பாட்டெல்லாம் கோவிற் பாட்டிலிருந்து பிறந்தது என்பதை ஈண்டு மறத்தலாகாது. ‘நாம் வெல்வோம்’ என்று உலகெங்கும் பாடப்படும் பாட்டு, 1945-இல் சார்ல்ஸ்டன் நகரத்துப் புகையிலைத் தொழிற்சாலைப் பெண்டிர் வேலைநிறுத்தத்தின்போது தம் கோவிற் பாட்டை மாற்றிப் பாடியதால் உருக்கொண்டது. ஆல்பெர்ட்டா போன்ற எத்தனையோ பெண்டிர் ஊர்தோறும் பாடற்குழுவைப் பழக்கி வைத்திராவிடின், போலீஸ் நாய்களின் முன்னே ஒரே குரலாய் நின்று பாடப் பல்லாயிரவர்க்கு எங்ஙனம் இயலும்?

இவ்விசைக்கும் நம் நாட்டிற்கும் தொடர்புண்டு. 1936 பிப்ரவரியில் ஹோவர்டு தர்மன் என்னும் கறுப்பினப் போதகரும், ஆல்பெர்ட்டாவைப் போன்றே ஸ்பெல்மனிற் பயின்ற அவர் மனைவியார் சூ பெய்லி அம்மையாரும் பர்தோலியிற் காந்தியடிகளைக் கண்டனர். அடிகள் பாடச் சொன்னார். அவர்கள் தம் மக்களின் பக்திப் பாடல்களைப் பாடினர். 1959 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் மார்ட்டின் லூதர் கிங்கும் அவர் மனைவியார் கொரெட்டாவும் இந்தியா வந்தனர். கொரெட்டாவும் முறையாய் இசை பயின்றவர், கூட்டங்களிற் பாடினார். அவர்கள் சென்னைக்கு வந்தபோது இம்மாகாண முதலமைச்சர் காமராசர். தெற்கே கன்னியாகுமரி வரை சென்றனர். திருவனந்தபுரத்தில் தீண்டாதார் எனப்பட்ட குடிப்பிள்ளைகள் மிக்க ஒரு பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டாதார் ஒருவர் என்று தலைமையாசிரியர் இவரை அறிமுகம் செய்தார். முதலில் திடுக்கிட்டார், பின்னர் நினைத்துப் பார்த்து, ஆம், அது உண்மை என உணர்ந்தார். இந்நிகழ்ச்சியை அவர் 1965 ஜூலை 4-ஆம் நாள் எபெனேசர் பீடத்திலேயே, தம் தாயார் பணிபுரிந்த கோவிலில், எடுத்துரைத்தார்.

1968 ஏப்ரல் 4-ஆம் நாள் மெம்பிஸ் நகரில் மார்ட்டின் சுடப்பட்டு இறந்தார். 1969 ஜூலையில் இளைய மகன் ஆல்பிரட் டேனியல் தம் வீட்டு நீச்சற்குளத்தில் இறந்து கிடந்தார். பதினாறு திங்களுக்குள் ஆண்மக்கள் இருவரையும் இழந்த அன்னையைப் பற்றி நாம் என் எழுதுவேம்! அவர் கோவிலை விட்டு நீங்கவில்லை. முறைப்படி 1972-இல் ஓய்வு பெற்ற பின்னரும், வேண்டியபோது வாசித்து வந்தார்.

1974 ஜூன் மாதம் 30-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அம்மையார் பரமண்டல ஜெபத்தை ஆர்கனில் வாசித்துக்கொண்டிருந்தார். முன்வரிசையிலிருந்த 23 வயது இளைஞன் ஒருவன் எழுந்து இரு கையிலும் துப்பாக்கி ஏந்திச் சுட்டான். பட்டாசு வெடித்துச் சோதிக்கும் ஓசையை நாளும் கேட்கும் சிவகாசிப் பக்கத்தார்க்கு, மூடிய மண்டபத்துள் எழும் ஒரு வெடியின் அதிர்ச்சி சொல்லாமலே விளங்கும். அம்மையார் உயிர் துறந்தார். எட்வர்டு பாய்க்கின் என்னும் சபை உதவிக்காரரும் இறந்தார். மற்றொரு பெண்மணி காயமுற்றார். சுட்டவனும் கறுப்பினத்தானே. கிறிஸ்தவர் அனைவரும் தன் பகைவர் என்றும், கிங் போதகரையே கொல்ல வந்ததாகவும், அம்மையார் அண்மையில் இருந்தமையால் அவரைச் சுட்டதாகவும் அவன் சொன்னான். அவன் பெயரை ஈண்டு எழுத நமக்கு விருப்பமில்லை.

நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை விதித்தது. கிங் குடும்பத்தார் மரண தண்டனை கூடாது என்னும் கொள்கையினர். தம் அன்னையைக் கொன்றவன் திறத்தும் அக்கொள்கையினின்று வழுவினாரல்லர். அவர்தம் எதிர்ப்பும் ஒரு காரணமாக, 1995-இல் அத்தண்டனை ஆயுட்சிறையாக மாற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே அவன் சிறையில் நோயுற்று இறந்தான்.

கணவர் 1984 நவம்பரிற் காலமாகி, அட்லாண்டாவின் சவுத் வியூ இடுகாட்டில் மனைவியார் பக்கத்தே அடக்கம் செய்யப்பட்டார். தாயாரிடம் பியானோ கற்ற மகள் கிறிஸ்டீன், பாட்டியாரும் தாயாரும் பயின்ற ஸ்பெல்மனிற் பட்டம் பெற்று, அங்கேயே ஐம்பதாண்டுகளுக்கு மேல் ஆசிரியையாய் இருந்தார். தாயாரை மணத்தின்பொருட்டுப் பள்ளியினின்று நீக்கிய விதி அவர் காலத்தில் இல்லை. கணவரும் மக்களும் உடையராகவே அவர் கற்பித்தார். அவர் காலமானது 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29-ஆம் நாள், தம் 95-ஆம் வயதில். தாயார் இறந்த 49-ஆம் ஆண்டு நிறைவுக்கு ஒரு நாள் முன்.